குளிரிலும் சுதேசியம் வேண்டும்

2025-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 4-ஆம் தேதி சீன சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்தார்கள். சமேரியம், கடோலினியம், டெர்பியம், டிஸ்புரோசியம், லுடீசியம், ஸ்காண்டியம், இட்ரியம் என்னும் ஏழு உலோகங்களையும், அவற்றைக் கொண்டு செய்த சில சரக்குகளையும் லைசென்ஸ் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்பலாகாது என்பது அந்த உத்தரவு. அதே வருஷம் அக்டோபரில் ஹோல்மியம், எர்பியம் முதலிய இன்னும் ஐந்து உலோகங்களையும் அந்த ஜாபிதாவில் சேர்க்கப் போவதாக அறிவித்தார்கள். நவம்பரில் இந்த இரண்டாவது அறிவிப்பை ஒரு வருஷ காலத்துக்கு நிறுத்தி வைத்தார்கள். ஏப்ரல் உத்தரவு அதனால் ரத்தாகிவிடவில்லை.

செய்தி வந்ததும் மோட்டார்த் தொழில் முதலாளிகள் கூக்குரலிட்டார்கள். மின்சார மோட்டார்களுக்கு வேண்டிய காந்தம் கிடைக்காது என்பது அவர்கள் கவலை. பத்திரிகைகளும் அதைப் பற்றியே பத்தி பத்தியாக எழுதின. அந்தக் கவலை நியாயமானதே. ஆனால் மேற்படி ஜாபிதாவை மறுபடியும் ஒருமுறை நிதானமாகப் படிக்கும்படி நமது வாசகர்களைக் கேட்டுக் கொள்கிறோம். கடோலினியம், டிஸ்புரோசியம், ஹோல்மியம், எர்பியம் ஆகிய நான்கு உலோகங்களும் வேறொரு காரியத்துக்கும் இன்றியமையாதவை. மனிதன் தன் யந்திரங்களால் உண்டாக்கும் அதிகக் கடுமையான குளிர், இவற்றின் உதவியின்றி உண்டாவது அரிதாகி விட்டது. இதைப் பற்றி நம் நாட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆகவே நாம் எழுத வேண்டியிருக்கிறது.

குளிர் என்ன பெரிய விஷயம், ஐஸ் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கிறதே என்று சிலர் நினைக்கலாம். நாம் சொல்வது அந்தக் குளிரை அல்ல. தண்ணீர் உறையும் நிலைக்குக் கீழே 196 டிகிரி சென்றால் காற்றிலுள்ள நைட்ரஜன் திரவமாகிறது. 253 டிகிரியில் ஹைட்ரஜன் திரவமாகிறது. 269 டிகிரியில் ஹீலியம் திரவமாகிறது. 273 டிகிரிக்குச் சற்றுக் கீழே குளிருக்கே எல்லை வந்துவிடுகிறது. அந்த எல்லையைத்தான் விஞ்ஞானிகள் பூஜ்யம் கெல்வின் என்கிறார்கள். 1908-ஆம் வருஷத்தில் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரில் கமர்லிங் ஓனஸ் என்பவர் ஹீலியத்தைத் திரவமாக்கினார். அதன்மேல் உள்ள ஆவியைப் பம்பு வைத்து இறைத்து எல்லைக்கு மேலே ஏறக்குறைய ஒரு டிகிரி வரை இறங்கினார். அதற்கு அப்பால் பம்பு பயன்படவில்லை. கதவு அடைத்துக் கொண்டது.

அந்தக் கதவைத் திறந்த சாவி அருமண் உலோகங்களின் உப்பு. 1926-ஆம் வருஷத்தில் ஐரோப்பாவில் டிபை என்பவரும், அமெரிக்காவில் வில்லியம் ஜியோக் என்பவரும் ஒருவர் யோசனையை ஒருவர் அறியாமலே ஒரே முடிவுக்கு வந்தார்கள். கடோலினியம் போன்ற உலோகத்தின் ஒவ்வோர் அணுவும் ஒரு சிறு காந்தம். சாதாரணமாக இந்தச் சிறு காந்தங்கள் சந்தைக் கூட்டத்தைப் போல் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக் கொண்டு நிற்கும். வெளியிலிருந்து பலமான காந்தத்தைக் கொண்டு வந்து வைத்தால் அவை அணிவகுத்து ஒரே திசையில் நிற்கும். அப்போது அந்தப் பொருளில் உஷ்ணம் ஏறும். அந்த உஷ்ணத்தைத் திரவ ஹீலியத்தின் வழியாக வெளியேற்றிவிட்டு, பிறகு அப்பொருளைத் தனிப்படுத்தி, காந்தத்தை அகற்ற வேண்டும். அணிவகுத்து நின்ற அணுக் காந்தங்கள் மறுபடியும் கலைந்து போகும். கலைவதற்கு வேண்டிய சக்தியை வெளியிலிருந்து பெற வழியில்லாததால், தாம் இருக்கும் பொருளின் உஷ்ணத்தையே அவை எடுத்துக் கொள்கின்றன. பொருள் முன்னிலும் குளிர்ந்து விடுகிறது. பம்பும் இல்லை, ஆவியும் இல்லை. காந்தத்தை வைத்து எடுப்பதே வேலை.

யோசனையைக் காரியமாக்க ஜியோக்குக்கு ஏழு வருஷம் பிடித்தது. 1933-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் அவரும் மக்டூகல் என்பவரும் 61 கிராம் கடோலினியம் சல்பேட்டை எடுத்துக் கொண்டு, 1.5 கெல்வினிலிருந்து தொடங்கி, 0.25 கெல்வின் வரையில் இறங்கினார்கள். அதே வருஷத்தில் லெய்டனில் டி ஹாஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் சீரியம் என்ற மற்றோர் அருமண் உலோகத்தின் உப்பைக் கொண்டு இவ்வழியிலேயே வெற்றி கண்டார்கள். ஜியோக்குக்கு 1949-இல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. இந்த 61 கிராம் என்ற கணக்கை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ள வேண்டும். நமது வாதத்துக்கு அது பின்னால் வேண்டியிருக்கும்.

இது ஏதோ பண்டிதர்களின் விளையாட்டு என்று தள்ளிவிட இன்று இடமில்லை. நமது ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரிகளில் உடம்பின் உட்புறத்தைக் காந்தத்தினால் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. யந்திரத்தை எடுத்துக் கொள்வோம். அதன் பெரிய காந்தம் திரவ ஹீலியத்தில் முழுகிக் கிடக்கிறது. ஹீலியம் விலையுயர்ந்தது; இந்தியா அதை வெளிநாட்டிலிருந்து வாங்குகிறது. ஆவியாகும் ஹீலியத்தை அங்கேயே மறுபடி திரவமாக்க ஒரு சிறு குளிரூட்டி யந்திரம் இடைவிடாமல் ஓடுகிறது. அந்தக் குளிரூட்டியின் உள்ளே உஷ்ணத்தை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுக்கும் குண்டு மணிகள் உண்டு. முன்பு அவற்றை ஈயத்தால் செய்தார்கள். ஆனால் 10 கெல்வினுக்குக் கீழே ஈயத்துக்கு உஷ்ணத்தை ஏற்று வைக்கும் சக்தி குன்றிப் போகிறது. எர்பியமும் நிக்கலும் சேர்ந்த கலப்பு உலோகத்துக்கும், ஹோல்மியமும் செம்பும் சேர்ந்த கலப்பு உலோகத்துக்கும், அவற்றின் அணுக் காந்தங்கள் நிலை மாறுகிற அந்தக் கடுங்குளிரில்தான் அச்சக்தி மிகுதி. இந்த மணிகளைப் புகுத்திய பிறகே சிறு யந்திரத்தைக் கொண்டு 4 கெல்வினை எட்டுவது எளிதாயிற்று. எர்பியமும் ஹோல்மியமும் அக்டோபர் ஜாபிதாவில் இருந்தவை என்பதை மறுபடியும் சொல்ல வேண்டியதில்லை.

வான ஆராய்ச்சியிலும் இதுதான் நிலை. 2023 செப்டம்பரில் ஜப்பான் ஏவிய எக்ஸ்-ரே ஆராய்ச்சிக் கோளில், கருவியின் கண்ணை 0.05 கெல்வினில் வைத்திருப்பது மேலே சொன்ன காந்த முறைதான். குவாண்டம் கணித யந்திரங்களில் பலவும் இந்த மாதிரிக் குளிரிலேயே வேலை செய்கின்றன. அவற்றுக்கு இப்போது பெரும்பாலும் ஹீலியம்-3 என்ற அபூர்வ வாயுவைக் கொண்டு குளிரூட்டுகிறார்கள். அந்த வாயு முக்கியமாக அணுகுண்டு வைத்திருக்கும் வல்லரசுகளின் டிரிடியக் கிடங்கிலிருந்து வருகிறது. அதைக் கேட்டு வாங்க முடியாதவனுக்குக் காந்தக் குளிர் ஒரு மாற்று வழி. நமது சர்க்கார் 2023 ஏப்ரலில் குவாண்டம் ஆராய்ச்சிக்கென்று 6,003 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கினார்கள். அவ்வளவு பணத்தைச் செலவிட்டுக் கட்டும் யந்திரம் எந்தக் குளிரில் நிற்கப் போகிறது, அந்தக் குளிரை யார் விற்கப் போகிறார்கள் என்று யாரேனும் கேட்டார்களா?

ஹைட்ரஜன் விஷயம் இதைவிடப் பெரிது. திருநெல்வேலி ஜில்லா மகேந்திரகிரியில் ராக்கெட் யந்திரங்களுக்குத் திரவ ஹைட்ரஜனைக் கையாளுகிறோம். 2023 ஜனவரியில் பசுமை ஹைட்ரஜனுக்கென்று 19,744 கோடி ரூபாய்த் திட்டத்தையும் சர்க்கார் ஏற்றார்கள். ஆனால் ஒரு கிலோ ஹைட்ரஜனைத் திரவமாக்க இன்றைய ஆலைகளில் 10 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவாகிறது. அந்த ஒரு கிலோவிலுள்ள சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, குளிரூட்டுவதிலேயே கரைந்து போகிறது. இந்த விரயத்தைக் காந்த முறையால் குறைக்கலாமென்று பல தேசத்தாரும் முயன்று வருகிறார்கள். 2020-இல் ஜப்பானிய ஆராய்ச்சிக்காரர்கள், ஹைட்ரஜன் திரவமாகும் நிலைக்கு மிக அருகில், ஹோல்மியமும் போரானும் சேர்ந்த ஒரு சேர்க்கை மிகுந்த காந்தக் குளிர் தருவதாகக் கண்டுபிடித்தார்கள். இவையெல்லாம் இன்னும் ஆராய்ச்சிச் சாலையைத் தாண்டவில்லை என்பது உண்மை. ஆராய்ச்சிச் சாலையில் இருக்கும்போதே கைவைத்தவன் முதலாளியாகிறான்; சந்தைக்கு வந்தபின் போகிறவன் வாடிக்கைக்காரனாகிறான். இது நாம் பலமுறை பட்டுத் தெரிந்து கொண்ட பாடம்.

அந்தப் பாடத்தை மறந்தவர்கள் மணவாளக்குறிச்சியின் கதையைக் கேட்கட்டும். இன்று கன்னியாகுமரி ஜில்லாவிலும் அன்று திருவிதாங்கூரிலும் சேர்ந்திருந்த அந்தக் கடற்கரையில் 1909-ஆம் வருஷம் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானிய ரசாயனக்காரர் மோனசைட் மணலைக் கண்டார். தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டிச் சென்ற மணலே அவருக்கு வழி காட்டியது என்பர். அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் காஸ் விளக்கு எரிந்தது. விளக்கின் வலைக்கு வேண்டிய தோரியம் அந்த மணலில் இருந்தது. மணல் கப்பலேறிப் போயிற்று. 1914-இல் யுத்தம் மூண்டதும் ஜெர்மானியர் கையிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு அந்த வியாபாரம் மாறியது. கை மாறியதே ஒழிய மணலின் சொந்தக்காரனுக்கு வந்த பாக்கியம் ஒன்றுமில்லை. அவன் குடிசையில் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது. தோரியத்தை எடுத்தபின் மிஞ்சிய அருமண் சக்கையைக்கூட வீணாக்காமல் அந்நிய தேசத்தார் சிகரெட் பற்றவைக்கும் கல்லாக்கி விற்றார்கள்.

சுயராஜ்யம் வந்த பின் 1950-இல் இந்திய அருமண் கம்பெனி ஏற்பட்டது. 1952-இல் ஆலுவாயில் ஆலை நடக்கத் தொடங்கியது. அணுசக்தித் தாதுவை ஏற்றுமதி செய்வதில்லை என்று உறுதி கொண்டது சரியான காரியம். அதைச் செய்தவர்களைப் பாராட்டுகிறோம். அந்தக் காலத்தில் நம்மவரிடம் குளிர் விஞ்ஞானமும் காந்த விஞ்ஞானமும் இல்லாமல் போகவில்லை. வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் 1930-களில் கல்கத்தாவில் இருந்து கொண்டு உப்புப் படிகங்களின் காந்தத் தன்மையை அளந்த அளவுகளை உலகம் மதித்தது. பின்னர் டில்லி தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலையின் முதல் டைரக்டராக இருந்தவரும் அவரே. விதை நம்மிடம் இருந்தது, மண்ணும் இருந்தது. விளைச்சல் மட்டும் ஏன் பிறத்தியான் வயலில் விளைந்தது?

காரணம் வெளிப்படை. மணலுக்கும் யந்திரத்துக்கும் நடுவே நாலைந்து படிகள் இருக்கின்றன. மணலிலிருந்து அருமண்களை எடுப்பது ஒரு படி. ஒட்டிப் பிறந்த சகோதரர்களைப் போன்ற அந்தப் பதினைந்து உலோகங்களையும் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிப்பது அடுத்த படி. பிரித்ததைச் சுத்த உலோகமாக்குவது மூன்றாவது. அதைக் கலப்பு உலோகமாகவும், மணியாகவும், படிகமாகவும் வார்ப்பது நான்காவது. குளிரூட்டியைக் கட்டுவது ஐந்தாவது. நாம் முதற்படியில் நன்றாக நிற்கிறோம்; இரண்டாம் படியில் ஒரு காலை வைத்திருக்கிறோம்; மேலே உள்ள படிகளில் ஆங்காங்கே சில ஆராய்ச்சியாளர் மட்டுமே நிற்கிறார்கள். பம்பாய் ஐ.ஐ.டி.யிலும் கல்கத்தா சாஹா நிலையத்திலும் இந்தக் காந்தக் குளிர்ப் பொருள்களைப் பற்றி மதிப்புள்ள கட்டுரைகள் வெளிவந்திருக்கின்றன. கட்டுரை இருக்கிறது, சரக்கு இல்லை.

நடுப்படிகள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 1976-இல் பிரௌன் என்ற அமெரிக்கர் கடோலினிய உலோகத்தைக் கொண்டு, சாதாரண அறை உஷ்ணத்திலேயே இந்த முறையை நடத்திக் காட்டினார். 1997-இல் அயோவா மாகாணத்து ஏம்ஸ் ஆராய்ச்சிச் சாலையில் பெச்சார்ஸ்கியும் ஷ்னைட்னரும், கடோலினியம், சிலிகான், ஜெர்மானியம் மூன்றும் சேர்ந்த ஒரு கலவையில் இந்தக் குளிர்ச் சக்தி பன்மடங்கு பெருகுவதைக் கண்டார்கள். மற்றவர்கள் சந்தையில் கிடைத்த சாதாரணக் கடோலினியத்தைக் கொண்டு அதைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் குன்றிப் போயிற்று. சந்தை உலோகத்தில் ஒளிந்திருந்த கரியும் பிராணவாயுவுமே அதற்குக் காரணம். ஏம்ஸில் பல்லாண்டு உழைத்து அருமண்களைச் சுத்தம் செய்யும் வித்தையைக் கைவரப் பெற்றிருந்தார்கள். ஆகவே புதுமை அவர்கள் கண்ணுக்குத் தென்பட்டது. சுத்தம் செய்யத் தெரியாதவனுக்கு எதிரில் இருந்தாலும் தென்படாது.

இங்கே சிலர் இரண்டு ஆட்சேபங்களைக் கிளப்புவார்கள். முதலாவது, நமது மோனசைட்டில் லேசான அருமண்களே அதிகம், கனமானவை குறைவு என்பது. இது உண்மை. சீரியம், லாந்தனம், நியோடிமியம் இவையே அதில் பெரும்பகுதி. கடோலினியம் நூற்றில் சுமார் ஒரு பங்குதான்; ஹோல்மியமும் எர்பியமும் பெயருக்கு இருக்கின்றன. ஆனால் இப்போதுதான் 61 கிராம் கணக்கை நினைவு கூர வேண்டும். குளிரூட்டிக்கு வேண்டியது மூட்டை மூட்டையாக அல்ல, கைப்பிடி அளவு. அமெரிக்க பூதத்துவ இலாகாவின் மதிப்புப்படி 2024-இல் இந்தியா 2,900 டன் அருமண் எடுத்தது. சீனா 2,70,000 டன் எடுத்தது. நமது 2,900 டன்னில் நூற்றில் ஒரு பங்கு 29 டன். பிரிப்பதில் பாதி வீணானாலும், நாட்டின் ஆராய்ச்சிச் சாலைகளும் ஆஸ்பத்திரிக் குளிரூட்டிகளும் நெடுங்காலம் தேடினாலும் தீராத கடோலினியம் அதில் இருக்கிறது. ஹோல்மியத்துக்கும் எர்பியத்துக்கும் வேறு தாதுக்களைத் தேடலாம். பழைய யந்திரங்களிலிருந்து மீட்கலாம். கடோலினியத்தால் ஆகக்கூடிய இடத்தில் அதையே உபயோகிக்கலாம்.

இரண்டாவது ஆட்சேபம், இதற்குத்தான் சர்க்கார் பணம் ஒதுக்கிவிட்டார்களே என்பது. 2025 நவம்பரில் 7,280 கோடி ரூபாய்க்கு ஒரு காந்தத் திட்டத்தை மந்திரி சபை ஏற்றது மெய்தான். நாம் அதை வரவேற்கிறோம். ஆனால் அது மோட்டார்களுக்கும் காற்றாலைகளுக்கும் வேண்டிய நிரந்தரக் காந்தத்தைப் பற்றியது. குளிர்ப் பொருள்களைப் பற்றி அதில் பேச்சில்லை. டன் கணக்கில் விற்பதை மட்டும் கைத்தொழில் என்று நினைத்து, கிராம் கணக்கில் விற்பதை அலட்சியம் செய்வது மளிகைக் கடைக்காரர் புத்தி. ராஜாங்கம் நடத்துகிறவர்களுக்கு அது அழகல்ல.

இனி எல்லாவற்றிலும் முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மணல் வெறும் மணலாகக் கிடக்கவில்லை. அதன்மேல் மனிதர்கள் வசிக்கிறார்கள். கன்னியாகுமரி ஜில்லா கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் மணல் எடுக்கும் யோசனை வந்தபோது, கடற்கரைக் கிராமத்தார் 2024-இல் பலமாக எதிர்த்தார்கள். தோரியத்தின் கதிர்வீச்சைப் பற்றியும், கரை அரிப்பைப் பற்றியும், தங்கள் வலையையும் வள்ளத்தையும் பற்றியும் அவர்கள் கேட்ட கேள்விகள் பாமரக் கேள்விகள் அல்ல. பதில் சொல்வது சர்க்காரின் கடமை. ஆனால் சர்க்கார் செய்தது என்ன? 2025 செப்டம்பர் 8-ஆம் தேதி மத்திய சுற்றுச்சூழல் இலாகா ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அணுத் தாதுக்களையும் முக்கியத் தாதுக்களையும் எடுக்கும் சுரங்கங்களுக்கு இனி ஜனங்களைக் கூட்டி அபிப்பிராயம் கேட்க வேண்டியதில்லை என்று விலக்களித்தது. தேசப் பாதுகாப்பு, அவசரம் என்று காரணம் கூறப்பட்டது.

இதை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். வெள்ளைக்காரனும் மணவாளக்குறிச்சி மீனவனைக் கேட்டுக் கொண்டு மணலை அள்ளவில்லை. சுதேச சர்க்காரும் கேட்காமல் அள்ளுவதென்றால், கொடி மாறியதைத் தவிர வேறு என்ன மாறியது? பாதுகாப்பு என்ற காரணம் குளிர் விஷயத்தில் சற்றும் செல்லாது. நாம் மேலே காட்டியபடி, இதற்கு வேண்டியது ஏற்கெனவே தோண்டிய மணலிலேயே இருக்கிறது. புதிதாக ஒரு பிடி மணல் அள்ளாமலே கடோலினியத்தில் சுயதேவையைப் பூர்த்தி செய்து கொள்ளலாம். குறைவாயிருப்பது மணல் அல்ல, அறிவிலும் ஆலையிலும் போட வேண்டிய முதல். அந்த முதலைப் போடச் சோம்பல்பட்டுக் கொண்டு, ஏழை மீனவனின் வாயை அடைப்பது எந்த நீதி?

ஆகவே சர்க்காரை நாம் கேட்டுக் கொள்வது வருமாறு. இந்திய அருமண் கம்பெனி கடோலினியத்தைப் பிரிப்பதோடு நில்லாமல், உயர்ந்த சுத்தமுள்ள உலோகமாக்கும் சிறு ஆலை ஒன்றை நிறுவ வேண்டும். அந்த உலோகம் நமது கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சிச் சாலைகளுக்கும் அடக்க விலையில் கிடைக்க வேண்டும். குளிரூட்டிக்கு வேண்டிய மணிகளையும் படிகங்களையும் வார்க்கும் தொழிலுக்குக் குவாண்டம் திட்டப் பணத்திலும் ஹைட்ரஜன் திட்டப் பணத்திலும் ஒரு பங்கு ஒதுக்க வேண்டும். மகேந்திரகிரிக்கும் மணவாளக்குறிச்சிக்கும் நடுவே உள்ள தூரம் கொஞ்சம்தான். குளிர் தெரிந்தவர்களும் மணல் தெரிந்தவர்களும் ஒன்றாய் உட்கார்ந்து பேசினால் பாதிக் காரியம் முடிந்துவிடும். செப்டம்பர் சுற்றறிக்கையை வாபஸ் பெற வேண்டும். கடற்கரைக் கிராமங்களின் கதிர்வீச்சு அளவுகளை வருஷந்தோறும் தமிழில் அச்சிட்டு, கிராமத்தார் பார்வைக்கு வைக்க வேண்டும்.

தேச ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. கதரும் உப்பும் ஒரு காலத்தில் எப்படி அற்ப விஷயங்களாகத் தோன்றின என்பதை நீங்கள் அறிவீர்கள். கடோலினியம் என்ற பெயர் வாயில் நுழையாதது உண்மைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் நோயாளியின் யந்திரம் ஓடுவதும் நிற்பதும் அந்நிய தேசத்தின் ஒரு லைசென்ஸ் காகிதத்தில் அடங்கியிருக்கிறது என்று சொன்னால் எந்தக் கிராமத்தாருக்கும் புரியும். அதைச் சொல்ல வேண்டியது உங்கள் பொறுப்பு. நூறு வருஷத்துக்கு முன் நமது மணல் அந்நியன் வீட்டுக்கு வெளிச்சம் கொடுத்தது. இனி அது உண்டாக்கும் குளிரையும் அந்நியனிடமே விலை கொடுத்து வாங்கப் போகிறோமா என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானிக்கும் இடத்தில் கடற்கரை மீனவனுக்கும் ஓர் ஆசனம் போட வேண்டும்.